ஸ்பேனர் பிடித்த கை: பென்னாகரம் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் தொழில் திட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் வசிக்கும் ஒரு மாமனையும் அவருடைய தங்கை மகனான மருமகனையும் பற்றியது. மாமன் ராணுவத்தில் 24 ஆண்டு இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், வயது நாற்பத்தைந்து. மருமகன் பிளஸ் டூ வணிகவியல் முடித்துவிட்டு, போனால் ராணுவம்தான் என்று ஒற்றைக்காலில் நின்ற பையன். அவன் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியராக இருக்கிறேன். பெயர்களையும் ஊரையும் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை.

வேலைகளை உடுப்பை வைத்துப் பிரிக்கிறோம்: ராணுவம் ஒரு பக்கம், வெளிவேலை ஒரு பக்கம். இந்தப் பிரிவினையால் மாமன் பாதிக்கப்பட்டார். அதே பாதையில் மருமகனும் போக இருந்தான். கை செய்யும் காரியத்தை வைத்து வேலைகளைத் தொகுத்துப் பார்த்தபோது இருவர் முன்னாலும் இருந்த கணக்கு மாறியது. எங்கே மாறியது, எங்கே மாறவில்லை என்பதை எழுதி வைப்பது மற்ற பள்ளிகளுக்கும் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

குடும்பம்

பையனின் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். அம்மாவுக்கு நூறு நாள் வேலை, கொஞ்சம் மானாவாரி நிலம், இரண்டு மாடு. தங்கை பத்தாம் வகுப்பு. பென்னாகரம், பாப்பாரப்பட்டி, அரூர் பக்கத்துக் குடும்பங்களில் பாதியை இப்படி விவரித்துவிடலாம். ஆண்கள் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போய்விடுவார்கள். மழை பெய்தால் கேழ்வரகு, இல்லாவிட்டால் கடன். இந்தச் சூழலில் மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிற ஒரே ஆள் ராணுவத்திலிருந்து வந்த மாமன் என்றால், பையனின் கண் வேறு எங்கே போகும்?

அவன் ஒரு பயிற்சி அகாடமியில் சேர்ந்து விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்தான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண், புல்லப் பத்து எடுத்தால் 40 மதிப்பெண் என்பது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். ராணுவத்தில் சேர்ந்து என்ன வேலை செய்வாய் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. "மிலிட்டரி சார்" என்பான்.

மாமன் அப்போது ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாக நிறுவனத்தின் நுழைவாயிலில் காவலாளி. ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி மூலம் போன வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பையனுக்கு அறிவுரை சொல்ல அவரையும் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தேன். அவரோடு பேசிய பேச்சுதான் இந்த ஆய்வுக்கே அடிப்படை. அதனால் அதை அப்படியே தருகிறேன்.

"மிலிட்டரில என்ன வேலைங்க பார்த்தீங்க?"

"ஹவில்தாருங்க சார்."

"அது ரேங்க்குங்க. வேலை?"

"இ.எம்.இ.ங்க."

"அது பிரிவு. காலைல எழுந்து டூட்டிக்குப் போனா கையில என்ன எடுப்பீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ஸ்பேனருங்க சார். வெஹிக்கிள் மெக்கானிக். ஸ்டாலியன், ஜிப்சி எல்லாம் பிரிச்சி மாட்டுவோம். பத்து வருசம் ரெக்கவரில இருந்தேன். மலையில லாரி கவுந்தா நாங்கதான் போய்த் தூக்கணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகனுக்கே அது புதுச் செய்தி. "மாமா, நீங்க துப்பாக்கி புடிச்சி பார்டர்ல நின்னீங்கன்னுதான நெனச்சேன்" என்றான்.

"துப்பாக்கியும் புடிச்சோம் மாப்ள. அது எல்லாருக்கும் உண்டு. தெனம் பண்ண வேலை இதுதான்."

இ.எம்.இ. என்பது ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவு. 1943 அக்டோபர் 15 அதன் நிறுவன நாள். ராணுவத்தின் லாரியிலிருந்து டாங்க் வரை பழுது பார்ப்பது அவர்கள் பொறுப்பு. ஸ்டாலியன் லாரி அசோக் லேலண்டின் தயாரிப்பு. அந்த நிறுவனத்துக்கு ஓசூரிலேயே ஆலைகள் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்று ஊரையும் தொட்டுப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இருபுறமும் லாரிப் பட்டறைகள். டீசல் இன்ஜின் தெரிந்த ஆளுக்கு இவ்வளவு வேலையிருக்கும் பகுதி தமிழ்நாட்டில் அதிகமில்லை. இருபது ஆண்டுக்கு மேல் டீசல் இன்ஜின் பார்த்தவர் இங்கே வந்து கேட் திறந்து விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மனிதர், மூன்று எண்கள்

அவர் சோம்பேறி இல்லை. யாரும் அவரை ஏமாற்றவும் இல்லை. பிறகு எப்படி இப்படி ஆனது? நாம் வேலைகளை வகைப்படுத்தும் முறையில் பெரிய அளவு விடை இருக்கிறது.

உலகத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கும் சர்வதேசத் தொழில் வகைப்பாட்டில் மொத்தம் பத்துப் பெரும் பிரிவுகள். மேலாளர், தொழில்நுட்பர், எழுத்தர், கைவினைஞர் என்று ஒன்பது பிரிவுகள் செய்யும் வேலையை வைத்து அமைந்தவை. பத்தாவதாக, பூஜ்யம் என்ற எண்ணில், ஆயுதப் படைகள். அதற்குள் இருக்கும் உட்பிரிவுகள் மூன்று: அதிகாரிகள், அதிகாரி அல்லாத தரநிலையினர், மற்றவர்கள். அதாவது அங்கே பிரிப்பது ரேங்க்கை வைத்து. சமைப்பவர், லாரி ஓட்டுபவர், கம்பியில்லாத் தொடர்பு பார்ப்பவர், கணக்கு எழுதுபவர் எல்லாரும் ஹவில்தார் என்றால் ஒரே எண்தான்: 0210. இந்தியாவின் தேசியத் தொழில் வகைப்பாடு 2015, இந்த சர்வதேச முறையை ஒட்டி எழுதப்பட்டது. சுமார் 3,600 தொழில்களை எட்டு இலக்க எண்ணோடு விவரிக்கிறது. அவை எல்லாம் குடிமைத் தொழில்கள்.

மாமனின் வாழ்க்கையை இந்த எண்களில் எழுதிப் பார்த்தேன். படையில் இருந்தபோது 0210. இப்போது காவலாளி, 5414. அவர் கை உண்மையில் செய்த வேலை மோட்டார் வாகன மெக்கானிக், 7231. அந்த மூன்றாவது எண்ணை எந்தப் படிவத்திலும் யாரும் அவருக்குப் போட்டதில்லை. வேலைவாய்ப்புக்கான விண்ணப்பத்தில் முன்அனுபவம் என்ற இடத்தில் அவரே எழுதியது "இந்திய ராணுவம், 24 ஆண்டு". படிப்பவர் மனதில் அது உடனே காவல் வேலையாகிவிடுகிறது. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்குப் பாதுகாப்பு நிறுவனங்கள் வழியாக வேலை கிடைக்க முறையான ஏற்பாடும் இருக்கிறது. மறுவாழ்வு இயக்குநரகமான டி.ஜி.ஆர். அத்தகைய ஏஜென்சிகளைப் பட்டியலிட்டு அங்கீகரிக்கிறது. அந்த வழி தேவைதான். காலாட்படையில் இருந்து வந்த பலருக்கு அதுவே பொருத்தம். ஆனால் நடந்து தேய்ந்த ஒரே வழி அது என்பதால் மெக்கானிக்கும் அதிலேயே நடந்துவிடுகிறார்.

இதே டி.ஜி.ஆர். வட்டாரத்தில் படைத் தொழில்களுக்குச் சமமான குடிமைத் தொழில்கள் எவை என்று சொல்லும் சமன்பாட்டுப் பட்டியலும் உண்டு. மாமன் அதைப் பற்றி ஓய்வு பெறும்போது கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குச் சொல்லவும் ஆளில்லை.

தொகுக்கும் யோசனை எங்கிருந்து வந்தது

ஆங்கிலத்தில் கரியர் கிளஸ்டர் என்று சொல்லும் தொழில் தொகுதி முறை அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் புழங்குவது. அங்கே வேலைகள் அனைத்தையும் 16 தொகுதிகளாக வைத்திருந்தார்கள். 2024இல் திருத்தி 14 ஆக்கினார்கள். விவசாயம், கட்டுமானம், சுகாதாரம், உற்பத்தி, போக்குவரத்தும் சரக்கும் என்று போகும். ஒரு தொகுதிக்குள் எட்டாம் வகுப்பு படித்தவர் செய்யும் வேலையும் இருக்கும், பொறியாளர் செய்யும் வேலையும் இருக்கும். படிப்பு ஏற ஏற அதே தொகுதிக்குள் மேலே போகலாம் என்பதுதான் இதன் பலம்.

படைக்கும் இந்த யோசனைக்கும் ஆரம்பத்திலிருந்தே உறவு உண்டு. ஆறு வகை ஆர்வங்களை வைத்து மனிதர்களையும் வேலைகளையும் பொருத்திப் பார்க்கும் முறையை உருவாக்கிய உளவியலாளர் ஜான் ஹாலண்ட், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்கிறவர்களை நேர்கண்டு வகைப்படுத்தும் வேலையில் இருந்தவர். ஆயிரம் விதமாகத் தெரியும் மனிதர்கள் சில வகைகளுக்குள் அடங்குகிறார்கள் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு வந்தது. அமெரிக்க ராணுவம் 1968 முதல் பள்ளிகளில் நடத்திவரும் அஸ்வாப் என்ற திறன் தேர்வும் பின்னாளில் அவருடைய ஆறு வகைகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்தத் தேர்வை எழுதும் மாணவர் தன் ஆர்வத்துக்கு ஒத்த படைவேலையையும் வெளிவேலையையும் சேர்த்தே பார்க்கிறார். படையில் சேர்ந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த ஒரு அம்சம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அமெரிக்கத் தொகுதிகளை அப்படியே இறக்கினால் பென்னாகரத்துக்குப் பொருந்தாது. அதனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களில் உண்மையில் இருக்கும் வேலைகளை வைத்துத் தொடங்கினோம். மாணவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் வீட்டில், தெருவில் யார் என்ன வேலை செய்கிறார்கள்? பிறகு ஒவ்வொரு வேலைக்கும் எதிரே படையில் அதே வேலை எங்கே இருக்கிறது என்று மாமனை வைத்து எழுதினோம். அவருக்கு ராணுவத்தின் உள்கட்டமைப்பு முழுவதும் விரல் நுனியில் இருந்தது. அதை யாரும் இதுவரை கேட்டதில்லை என்பதுதான் குறை.

கட்டுமானத் தொகுதியில் மாணவர்களுக்குப் பெரிய ஆச்சரியம் கிடைத்தது. அப்பா சென்ட்ரிங், அண்ணன் கம்பி கட்டுகிறார், சித்தப்பா பிளம்பர் என்று வகுப்பில் பாதிக்கு மேல் அந்தத் தொகுதியில் விழுந்தார்கள். விழுந்ததும் முகம் சுருங்கியது. அந்த வேலையை விட்டு ஓடத்தான் ராணுவம் என்று நினைத்தவர்கள் அவர்கள். அப்போது மாமன் சொன்னார்: "பெங்களூர்ல அல்சூர் தெரியுமா? எம்.இ.ஜி. சென்டர் அங்கதான். மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுறவன், ரோடு போடுறவன், பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஜே.சி.பி. ஓட்டுறவன் எல்லாம் அங்கிருந்துதான் வர்றான்." 1780இல் தொடங்கிய படைப்பிரிவு அது. தங்கள் அப்பாக்கள் சென்ட்ரிங் பலகை தூக்கும் அதே நகரத்தில் அதே தொழிலைச் செய்யும் படைவீரர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறியாளர் படையான ஜி.ஆர்.இ.எஃப். பற்றியும் அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

கால்நடைத் தொகுதிக்கு ஓசூரே சாட்சி. 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணை இன்று மாநில அரசின் கால்நடைப் பண்ணை. பக்கத்திலேயே மத்திகிரியில் கோழியின உற்பத்தி, மேலாண்மைக் கல்லூரி. ராணுவத்தில் இதற்கு ஆர்.வி.சி. என்ற கால்நடைப் பிரிவு இருக்கிறது. குதிரை, கோவேறு கழுதை, மோப்ப நாய் எல்லாம் அவர்கள் பார்வையில். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட அருகில் ஓர் உதாரணம் வேண்டாம்.

உணவுத் தொகுதியில் ராணுவச் சமையலர், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை, கல்லூரி விடுதி மெஸ். காவல் தொகுதியில் காலாட்படை, மத்திய ஆயுதப் படைகள், மாநிலக் காவல், தீயணைப்பு, சிறைக்காவல், வனக்காவலர். வனம் மிகுந்த மாவட்டங்கள் இவை என்பதால் கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். மற்றவை சுலபமாகவே நிரம்பின.

மாமன்

அவரிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், படையில் முடித்த பயிற்சிச் சான்றிதழ்களையும் கொண்டுவரச் சொன்னேன். முன்னாள் படைவீரர் அடையாள அட்டையை எல்லாரும் பத்திரமாக வைத்திருப்பார்கள். பயிற்சிச் சான்றிதழ்கள் பெட்டியின் அடியில் கிடக்கும். இவருடையதும் அப்படியே இருந்தன. அவற்றை வைத்து, அவர் செய்த வேலைகளை வினைச்சொற்களாக எழுதினோம்: இன்ஜின் பிரித்துப் பூட்டுவார், கியர்பாக்ஸ் மாற்றுவார், ஏர் பிரேக் சரிசெய்வார், கவிழ்ந்த வண்டியை வின்ச் போட்டுத் தூக்குவார், உதிரிபாகத் தேவையை எழுதி அனுப்புவார், பதினைந்து பேர் கொண்ட ஷிப்டை நடத்துவார், புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்.

எழுதி முடித்ததும் அவர் மௌனமாக அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மெக்கானிக் மட்டுமில்லை, பணிமனை மேற்பார்வையாளருக்கு உரிய தகுதி அதில் இருந்தது.

அதே தாள் அவரிடம் இல்லாததையும் காட்டியது. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குச் செய்யும் தீங்கு. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் புதிய வண்டிகள் பி.எஸ். 6 தரத்தில் இருக்க வேண்டும். இன்றைய லாரிக்கு ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீடு படிக்கத் தெரிய வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல், சென்சார் சமாச்சாரமெல்லாம் தெரிய வேண்டும். அவர் அதிக காலம் கை வைத்தவை அதற்கு முந்தைய இன்ஜின்கள். ஓசூர்ப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வேறு வந்துவிட்டன. ஒரே தொகுதிக்குள் இருந்தாலும் தொழில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இடைவெளி எவ்வளவு என்று தெரிந்ததால் அவர் பயப்படவில்லை. ஒரு பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஸ்கேனர் பழகினார்.

சான்றிதழ் பக்கம் இரண்டு வழி பேசினோம். ஐ.டி.ஐ. படிக்காதவர்களும் அனுபவத்தை வைத்துத் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். தர்மபுரிக்குப் பக்கத்தில் கடகத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் விசாரித்துக்கொள்ளச் சொன்னேன். இன்னொன்று, பத்தாம் வகுப்பு தேறி 15 ஆண்டு பணி முடித்த படைவீரரை மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் பட்டம் கேட்கும் இடங்களுக்குத் தகுதியுடையவராகக் கருதும் விதி. அவருக்கு வயதும் விருப்பமும் அந்தப் பக்கம் இல்லை.

சொந்தமாகப் பட்டறை போடலாமா என்ற பேச்சும் வந்தது. முன்னாள் படைவீரர்களுக்காகத் தமிழக அரசு அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், 30 விழுக்காடு மூலதன மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. "கடன் வேணாம் சார், தங்கச்சி பொண்ணு இருக்கு" என்றார். அவர் வீட்டு நிலவரம் தெரிந்த எவரும் அதை வற்புறுத்த மாட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

இப்போது அவர் ஒரு தனியார் கல்லூரியின் பேருந்துகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறார். விண்ணப்பத்தில் முதல் வரியாக "கனரக டீசல் வாகனப் பராமரிப்பு, மேற்பார்வை" என்று எழுதி, அதற்குக் கீழேதான் ராணுவம் என்று போட்டார். நேர்காணலில் நின்றுபோன ஒரு பஸ்ஸைக் காட்டிப் பார்க்கச் சொன்னார்களாம். பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். சம்பளம் கேட்டில் வாங்கியதைவிடப் பெரிதாக உயரவில்லை. பகல் வேலை, இரவில் வீட்டில் இருக்கிறார் என்பது அவர் மனைவிக்குப் பெரிய ஆறுதல்.

மருமகன்

மாமனின் கதையைக் கேட்டபின் பையனின் கேள்வி மாறியது. எப்படிச் சேர்வது என்று கேட்டவன், எந்த வேலையில் சேர்வது என்று கேட்டான்.

அந்தக் கேள்வி இன்று முன்னைவிட முக்கியம். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணி நான்கு ஆண்டு. அதற்குப் பின் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் ஒவ்வொரு பேட்ச்சிலும் அதிகபட்சம் 25 விழுக்காடு. மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள், ஓய்வூதியம் இல்லை. மாமனுக்குப் பொருந்தும் 15 ஆண்டுச் சலுகை நான்கு ஆண்டுக்காரனுக்குப் பொருந்தாது. மாமனைப் பார்த்து "சேர்ந்தா பென்ஷன்" என்று ஆசைப்பட்டவனுக்கு இந்தக் கணக்கை அகாடமியில் யாரும் விளக்கியிருக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் வெளியே வரும்போது கையில் என்ன தொழில் இருக்கும் என்பதைச் சேரும்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ராணுவத்தின் அக்னிவீர் (அக்னிபத் திட்ட வீரர்) பணிகளில் ஜி.டி. என்னும் பொதுப்பணி, டெக்னிக்கல், கிளார்க் அல்லது ஸ்டோர் கீப்பர் டெக்னிக்கல், பத்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு டிரேட்ஸ்மேன் என்று பிரிவுகள் உண்டு. அவன் அறிந்தது ஜி.டி. ஒன்றைத்தான். அகாடமியில் எல்லாரும் அதற்குத்தான் ஓடினார்கள். டெக்னிக்கலுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும், இல்லாவிட்டால் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ வேண்டும்; வணிகவியல் மட்டும் படித்தவனுக்கு அது மூடிய கதவு. ஆனால் கிளார்க், ஸ்டோர் கீப்பர் பிரிவுக்குப் பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவும் சரி. மொத்தம் 60 விழுக்காடும், ஒவ்வொரு பாடத்திலும் 50 விழுக்காடும் வேண்டும். ஆங்கிலமும், கணிதம் அல்லது கணக்குப்பதிவியலும் படித்திருக்க வேண்டும். அவனுடைய மொத்தம் 70ஐத் தாண்டியிருந்தது, கணக்குப்பதிவியல் அதில் உச்சம். தனக்கு மிகவும் பொருந்தும் பிரிவு விண்ணப்பத்தில் இருப்பதே தெரியாமல் அவன் ஓடிக்கொண்டிருந்தான்.

சேமிப்பு, சரக்கு, கணக்கு என்ற தொகுதியை அவன் முன் விரித்தோம். படையில் கிளார்க், ஸ்டோர் கீப்பர். படைக்கலக் கிடங்குப் பிரிவு, வழங்கல் பிரிவு. வெளியே ஓசூர், பர்கூர் சிப்காட் ஆலைகளின் ஸ்டோர்ஸ், நெடுஞ்சாலையோரக் கிடங்குகள், நுகர்பொருள் வாணிபக் கழகக் குடோன், மாங்கூழ் ஏற்றுமதி ஆவணங்கள். அரசில் இளநிலை உதவியாளர், தட்டச்சர். மாமன் இங்கேயும் உதவினார். வண்டி ஒன்றுக்குப் பாகம் வேண்டும் என்று அவர் எழுதி அனுப்பிய சீட்டை மறுமுனையில் வாங்கிப் பதிந்து எடுத்துக் கொடுத்தவன் யார் என்பதைச் சொன்னார். "அவன் சரியா இல்லன்னா நாங்க எவ்ளோ பெரிய மெக்கானிக்கா இருந்தாலும் வண்டி நகராது மாப்ள." துப்பாக்கி இல்லாத வேலை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்ததற்கு அந்த ஒரு வாக்கியத்தில் மதிப்பு வந்தது. நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் வந்திருக்காது.

தொகுதி முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே திறன் பல கதவுகளைத் திறப்பதைக் கண்முன் காட்டுவது. இவன் விஷயத்தில் அது தட்டச்சு. ராணுவ கிளார்க் பிரிவுக்குத் தட்டச்சுத் தேர்வு உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுச் சான்றிதழ் கேட்கிறார்கள். கம்பெனி ஸ்டோர்ஸில் கணினியில் பதிவு போட வேகம் வேண்டும். அகாடமிக்குக் கட்டும் பணத்தில் ஒரு பங்கைத் தட்டச்சுப் பயிலகத்துக்குக் கட்டினால் மூன்று பக்கமும் உதவும். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கிளார்க் பிரிவுக்கும் ஓடித்தான் ஆகவேண்டும்.

தங்கை

கூட்டத்தில் அழைக்காமலே வந்து உட்கார்ந்திருந்த தங்கை, "சார், பொண்ணுங்களுக்கு?" என்று கேட்டாள். பதினெட்டு ஆவதற்குள் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் வழக்கம் முற்றிலும் ஒழியாத பகுதி எங்களுடையது. அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்னிவீர் திட்டத்தில் ராணுவக் காவல் பிரிவிலும், கடற்படை, விமானப்படையிலும் பெண்கள் சேரலாம். அவளுக்கு ஆர்வம் சுகாதாரத் தொகுதியில் இருந்தது. ராணுவ மருத்துவச் சேவையின் நர்சிங் கல்லூரிகளில் பெண்களுக்கான பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு நீட் மதிப்பெண் பார்க்கிறார்கள். முடித்தால் அதிகாரியாகப் பணி. அது கிடைக்காவிட்டாலும் அதே உயிரியல் பாடத்தோடு வெளியே நர்சிங், ஆய்வக நுட்பம், 108 அவசர மருத்துவப் பணி. தர்மபுரியில் 2008 முதலும், கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவு எடுப்பது என்று அவளும் அம்மாவும் முடிவு செய்திருக்கிறார்கள்.

தொகுப்பு உதவாத இடம்

இந்த முறையை எல்லாவற்றுக்கும் மருந்தாக நான் முன்வைக்கவில்லை. காலாட்படை, டாங்க், பீரங்கிப் பிரிவுகளில் இருப்பவரின் முதன்மைத் திறனுக்கு வெளியே நேரான சமம் கிடையாது. அவர்களைக் காவல் தொகுதியில் போட்டுவிட்டுக் கைகழுவினால் மறுபடி அதே கேட்டில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அவர்களிடம் ஆள் நடத்தும் பழக்கம், ஆவண ஒழுங்கு, வாகனம் ஓட்டுதல், முதலுதவி, தொலைத்தொடர்பு என்று துணைத்திறன்கள் இருக்கும். அவற்றைத் தேடி எடுக்க அதிக நேரம் ஒதுக்க வேண்டும். என்னிடம் வந்த இன்னொரு முன்னாள் வீரருக்கு அந்த நேரத்தைக் கொடுத்தும் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

மற்றொன்று, சிறு வயதிலேயே ஒரு தொகுதிக்குள் பிள்ளையை அடைத்துவிடும் அபாயம். அப்பா கட்டட வேலை என்பதால் பிள்ளையும் கட்டுமானத் தொகுதி என்று எழுதிவிட்டால், அது வழிகாட்டல் ஆகாது. குலத்தொழிலுக்குப் புதுப்பெயர் வைத்ததாகிவிடும். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் வீட்டுத் தொழில் இல்லாத இரண்டு தொகுதிகளையாவது ஆராய்ந்து எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

இன்றைய நிலை

கடந்த ஆள்சேர்ப்பில் பையன் ஜி.டி., கிளார்க் இரண்டுக்கும் விண்ணப்பித்து எழுத்துத் தேர்வு எழுதினான். தகுதிப் பட்டியலில் வரவில்லை. இதற்கு முன் அகாடமியில் தோற்ற பையன்கள் வீட்டில் முடங்கியதை, பெங்களூர் பஸ் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். இவன் அந்தக் கோடையில் ஆங்கிலத் தட்டச்சு இளநிலை தேறியிருந்தான். தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தான். தமிழ்த் தட்டச்சு வகுப்பு நடக்கிறது. குரூப் 4க்குப் படிக்கிறான். வயது வரம்பைத் தாண்டவில்லை என்பதால் அக்னிவீருக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. காலை ஓட்டம் நிற்கவில்லை.

மாமன் தொழிற்தேர்வை இன்னும் எழுதவில்லை. கல்லூரி விடுமுறையில்தான் பஸ்களுக்குப் பெரிய வேலை, அப்போதே தேர்வுக்கும் தயாராக வேண்டியிருக்கிறது என்கிறார். அவரோடு படையிலிருந்து வந்த, வெவ்வேறு ஊர்களில் காவல் வேலை பார்க்கும் மூன்று பேருடைய பயிற்சிச் சான்றிதழ்களை அவரே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். ஒருவர் சிக்னல்ஸ் என்னும் தொலைத்தொடர்புப் பிரிவு, ஒருவர் சமையலர், ஒருவர் எம்.இ.ஜி. எலக்ட்ரீஷியன். அவற்றைப் பிரித்து எழுதும் வேலை பள்ளியில் நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்த விண்ணப்பத்தில் மருமகன் கிளார்க் பிரிவை முதலில் குறிக்கப் போகிறான். ஜி.டி.யை இரண்டாவதாக வைத்திருக்கிறான். அதை எடுத்துவிடும்படி அவனிடம் யாரும் கேட்கவில்லை.